நீ பிரிக்காத பொட்டலம்

பாய்,

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பார்த்தேன். செய்தித்தாளைக் கிழித்து மடித்த சின்னப் பொட்டலம். மடிப்பெல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. வேளைக்கு வெள்ளையில் ரெண்டு, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று என்று மூணு வேளைக்கும் கட்டின உதிரி மாத்திரைகள் மடிப்பின் விரிசலில் தெரிந்தன. எட்டு வருஷத்துக்கு முன்னால் மெடிக்கல் கடையில் செட் மாத்திரை என்று கேட்டு வாங்கி, உன் சட்டைப் பையில் நானே திணித்த பொட்டலம். நீ அதைப் பிரிக்கவே இல்லை.

அடப்பாவி மனுஷா. எட்டு வருஷமாக நான் ஊர் முழுக்கத் தமுக்கடித்தேனே, என் மாத்திரையில்தான் பாய் பிழைத்தான் என்று. நீ இருந்தவரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

நான் எதற்கு உன் வீட்டுக்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் வீசிங் வந்துவிட்டது. இப்போது வந்ததில்லை, நாலு வருஷம் ஆகிறது. நீ இருந்தபோதே இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் பழம் அடுக்கும் கிரேட் பெட்டி மேல் ஏறி நின்று ஏலம் கூறுகிறவன் நான். பொழுது விடிவதற்குள் மாரண்டஹள்ளியில் இருந்தும் பாப்பாரப்பட்டியில் இருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். வெயில் ஏறுவதற்குள் அத்தனையும் கைமாறியாக வேண்டும். ஒரு குவியலுக்கு அரை நிமிஷம்கூட அதிகம். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம், முடிந்தது, அடுத்தது. மூச்சு வாங்குகிற ஏலக்காரனை யார் கூப்பிடுவார்கள்? அதனால் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் என்ன செய்தேன் தெரியுமா? அதே மெடிக்கலுக்குப் போனேன். பாய்க்கு வாங்கின செட் கொடுங்க என்றேன். உன்னையே எழுப்பி உட்காரவைத்த மருந்து எனக்குக் கேட்காமலா போகும் என்று நாலு வருஷம் விழுங்கினேன்.

உனக்கு வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ சரக்கு எடுத்து லாரியில் கேரளாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய். தினமும் என் கிரேடுக்கு இடது பக்கத்தில் நிற்பாய். மற்ற வியாபாரிகள் கத்துவார்கள், நீ விரலை மட்டும் தூக்குவாய். திடீரென்று அந்த விரலைத் தூக்கவே உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு கிரேட் தள்ளி நடந்தாலே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். வைக்கோல் தூசி, பனி, டீசல் புகை எதுவுமே உனக்கு ஆகவில்லை. தர்மபுரி டாக்டர் உனக்கு மூச்சில் மருந்து இழுக்கும் ஒரு இன்ஹேலர் பம்பும் அதை மாட்டி இழுக்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இழுத்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

ஒரு வாரம் போனது. எப்படி இருக்குது என்றேன். “அப்படியேதான் இருக்குது” என்றாய். ரெண்டு வாரம் போனது. “அப்படியேதான்.” எனக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு வாரமா ஒண்ணுத்தையும் காணோம். தூக்கிப் போடு பாய் அத. காத்த இழுத்தா காத்துதான் வரும்.”

“டாக்டரு சொன்னாரு, இது மெதுவாத்தான் கேக்குமாம். உள்ள வீங்கிக் கெடக்குதாம், அது வத்தணுமாம். சில பேருக்கு ஒரு மாசம், சில பேருக்கு அதுக்கும் மேலயாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் இழுத்துக்கிட்டு இருக்கணும். நீ எதுக்கும் சட்டுனு மூணாந்தரம் சொல்ற ஆளு. இது ஏலம் இல்லய்யா.”

நீ என்ன சொன்னாலும் என் காதில் ஏறவில்லை. மறுநாளே அந்தப் பொட்டலத்தை வாங்கி வந்து உன் பையில் வைத்தேன். மூணு வேளையும் தவறாமல் போடு, நாலே நாளில் ஓடுவாய் என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது நோன்பு மாதம் ஆரம்பித்திருந்தது. இப்போது யோசித்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. நோன்பு வைத்திருப்பவன் மூணு வேளை மாத்திரை எப்படிப் போடுவான்? மதியம் உனக்கு முன்னாலேயே டீ குடித்துக்கொண்டு, “மாத்திரை போட்டியா பாய்?” என்று கேட்டவன் நான். அந்தச் சின்ன அறிவுகூட எனக்கு இல்லை. நீ அப்போதும் சிரித்தாய்.

பம்பை மட்டும் நீ விடவில்லை என்பது எனக்குத் தெரியும். டாக்டரிடமே கேட்டு வந்து, விடியலுக்கு முன்னால் சகர் நேரத்தில் ஒன்று, நோன்பு திறந்தபிறகு ஒன்று என்று மாற்றிக்கொண்டாய். ஒருநாள் சரக்கு ஏற்றி முடித்து லாரி நிழலில் உட்கார்ந்திருந்தோம். உனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. நோன்பில் இதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எப்படித்தான் பொறுமையாக இருக்கிறாய் என்று கேட்டேன்.

“நோம்பு சுலபம்யா. பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொன்னா முடியும்னு தெரியும். இதுக்குத்தான் பாங்கு சொல்ல யாருமில்ல” என்றாய்.

அன்று எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது. எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நீ அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று.

நோன்புப் பெருநாள் கழித்து ஒரு பத்து நாள் இருக்கும். நீ லாரியின் பக்கப் பலகையில் காலை வைத்து மேலே ஏறி, அடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினாய். மூச்சு வாங்கவில்லை. நான் கிரேட் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், மார்தட்ட ஆரம்பித்துவிட்டேன். “டாக்டரால ஒன்னரை மாசமா முடியாதத என் மாத்திரை முடிச்சிருச்சு, பாத்துக்கங்க.” கேட்டவர்களுக்கெல்லாம் கடையைக் கைகாட்டினேன். கேட்காதவர்களுக்கும் கைகாட்டினேன்.

நீ போய் ரெண்டு வருஷம் ஆகிறது. மூச்சால் போகவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான் என்றார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் என் முகத்தை உற்றுப் பார்த்தாய். “என்னாய்யா, மூஞ்சி இப்படி உப்பிக் கெடக்குது?” என்றாய். “கறிச்சோறு பாய், எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்” என்றேன். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நீயும் உன் உண்மையைச் சொல்லியிருப்பாய். நம் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிரேட் தூரம்தான் இருந்தது. அதைத் தாண்டி ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இந்த வருஷம் பனி விழ ஆரம்பித்ததும் என் மாத்திரை கேட்காமல் போனது. ஒருநாள் காலை, ஜக்கசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவரின் சரக்கு. நல்ல பழம், போட்டி போட்டுக் கேட்டார்கள். ஒருதரம் சொன்னேன். ரெண்டுதரம் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, காற்று உள்ளே போகவில்லை. சரக்குக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரம்தான் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. யாரோ இறக்கி உட்காரவைத்தார்கள். அன்றைக்கே என் மகன் தர்மபுரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். மாத்திரைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “இதுல ஸ்டீராய்டு இருக்குது, முகம் உப்பினதும் அதனாலதான். எத்தன வருஷமா சாப்புடறீங்க?” என்றார். சொன்னேன். சுகர் ஏறியிருந்தது. எலும்பையும் பார்க்க வேண்டும் என்றார். நாலு வருஷம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து, நான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவசரத்துக்கு என்று ஒரு பம்பு. தினமும் இழுக்க உன்னுடையதைப் போலவே இன்னொரு பம்பும் குழாயும்.

“எத்தன நாள்ல கேக்கும்மா?” என்றேன்.

“அவசரப்படாதீங்க. பல வாரம் ஆகலாம். ஒண்ணும் தெரியலயேன்னு நிறுத்திடாதீங்க, அதுதான் முக்கியம்.”

யாரிடம் வந்து சொல்கிறார் பார். அரை நிமிஷத்துக்கு மேல் எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாதவனிடம்.

ஏலத்தை என் தம்பி மகன் பார்த்துக்கொண்டான். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வாரம் தினமும் காலையில் எழுந்ததும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். விதை போட்டுவிட்டு மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவனுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. ரெண்டாம் வாரம் எரிச்சல் வந்தது. மூன்றாம் வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நாலாம் வாரம் சத்தம்கூட வரவில்லை, சோர்ந்துவிட்டேன். ஐந்தாம் வாரம் வெள்ளிக்கிழமை, கால் தானாகவே மெடிக்கல் பக்கம் திரும்பியது. பழைய செட்டையே இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிப் போட்டால் மறுநாளே கிரேட் மேல் நிற்கலாம். மனசு முடிவு செய்துவிட்டது, பாய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

உன் வீடு அந்தக் கடைக்கு அடுத்த சந்து. ஏனோ முதலில் அங்கே போனேன். உன் சம்சாரம் வாசலில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தது. “வாங்கண்ணா” என்று எழுந்தது. நான் உட்காரக்கூட இல்லை.

“தங்கச்சி, பாய்க்கு அந்த பம்பு எத்தன நாள்ல கேட்டுச்சு? உனக்கு ஞாபகம் இருக்குதா?”

உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தது. “அவரு எழுதி வச்சாருண்ணா. தூக்கிப் போட மனசு வரல” என்றது.

தினம் கிழிக்கும் காலண்டர் தாள்கள். ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாய். ஒவ்வொன்றின் முதுகிலும் உன் கோணல் எழுத்து. “அதே.” “அதே.” “அதே. ராத்திரி இருமல்.” “அதே.” ஒரு தாளில், “ஏலக்காரன் மாத்திரை கொண்டுவந்தான். போடல. சொல்லல.” அதற்கடுத்தும் “அதே.” எண்ணினேன், முப்பத்தெட்டுத் தாள். அதற்குப் பிறகு ஒன்றில், “இன்னிக்கி மதியம் வரை மூச்சு ஞாபகமே வரல.” அவ்வளவுதான் எழுதியிருந்தாய். எனக்குக் கண் மறைத்தது.

டப்பாவின் அடியில்தான் அந்தப் பொட்டலம் இருந்தது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும். உன் சம்சாரம் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டது.

“நானும் கேட்டேண்ணா. ‘அவன் பயந்துட்டான், எனக்காவத்தான் அவனுக்குப் பொறுக்கல, அவன் மனசு நோகக் கூடாது’ன்னாரு. ஆனா ஒண்ணு சொல்வாரு. ‘மருந்து கேட்டுச்சா, கேட்டுச்சான்னுதான் கேக்கறான். கேக்கலன்னா என்ன பண்ணுவேன்னு ஒரு நாளும் கேக்கல’ன்னு.”

அந்தச் சொல் எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. உன்மேல் இருந்த கோபம் அங்கேயே இறங்கிப்போயிற்று. மாத்திரை வாங்கிக் கொடுத்ததுகூடப் பெரிய தப்பில்லை, பாய். தெரியாமல் செய்தது. முப்பத்தெட்டு நாள் நீ என் பக்கத்திலேயே நின்று தனியாகக் காத்திருந்தாய். அதுதான் என் தப்பு. எனக்கு உன் மூச்சு சரியாக வேண்டும் என்று இருந்தது, சரியாகும்வரை உன்னோடு இருக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு மெடிக்கலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சாயங்காலத்துக்கானதை இழுத்தேன், வாயைக் கொப்பளித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். திங்கட்கிழமை மார்க்கெட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மாதம்மாள் வந்தாள். உனக்குத் தெரியும், பழம் தரம் பிரிக்கிறவள், சந்தை முழுக்க அவள் பேச்சுச் சத்தம்தான் கேட்கும். அன்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“ண்ணா, பாய்க்கு வாங்கிக் குடுத்தீங்களே, அந்த செட்டு. நீங்க சொன்னத வச்சு என் மூச்சிழுப்புக்கு நானும் ஆறு மாசமாப் போடறேன். இப்ப கேக்க மாட்டேங்குது. இதவிட பவரா ஏதாச்சும் இருக்குதா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். உப்பியிருந்தது. என் கண்ணாடியில் நாலு வருஷம் நான் பார்த்த அதே உப்பல். நான் கைகாட்டியவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

தம்பி மகனை நிறுத்தச் சொன்னேன். “ரெண்டு நிமிஷம்டா” என்று கிரேட் மேல் ஏறினேன். ஏலக்காரன் திரும்ப வந்துவிட்டான் என்று நினைத்து வியாபாரிகள் கிட்டே வந்தார்கள். எப்போதும்போல் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன்.

“எல்லாரும் கேளுங்க. பாய்க்கு என் மாத்திரைலதான் சரியாச்சுன்னு சொன்னேனில்ல... அது பொய். பாய் அத தொடவே இல்ல. அவருக்குக் கேட்டது டாக்டரு குடுத்த பம்பு. நாந்தான் அந்த மாத்திரைய நாலு வருஷம் சாப்ட்டு... இப்படி உக்காந்திருக்கேன். என் பேச்சக் கேட்டு யாராச்சும் போடறீங்கன்னா, நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டரப் பாருங்க.”

பின்னால் இருந்து ஒரு வியாபாரி, “பாயே போயிட்டாரு, இப்ப எதுக்குங்க இதெல்லாம்” என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கிவிட்டேன். கிழவர் ஒருவர் அருகில் வந்து, தன் மருமகளும் அதைத்தான் போடுகிறாள் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று மாதம்மாளைப் பஸ்ஸில் தர்மபுரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா அவளுக்கும் அதேபோல எழுதிக் கொடுத்தார், அதேபோல எச்சரித்தார். திரும்பி வரும்போது மாதம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் குழாயை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எத்தன நாள்லண்ணா கேக்கும்?”

“தெரியல மாதம்மா. எனக்கே இன்னும் சரியாக் கேக்கல.”

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. “அப்ப கேக்கலன்னா?”

‘தூக்கிப் போடு’ என்ற எனக்குப் பழகிய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏறி, மறுபடி கிளம்பியது.

“கேக்கறவரைக்கும் தெனம் காலைல நான் வந்து உன்ன எப்படி இருக்குதுன்னு கேக்கறேன். நீயும் என்னக் கேளு. அப்படியேதான் இருக்குதுன்னாலும் சொல்லு. அதுக்கப்புறமும் கேக்கலன்னா ரெண்டு பேருமாப் போயி டாக்டரம்மாவக் கேப்போம்.”

உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது, பாய். லாரி நிழலில் நாக்கு வறண்டு நீ உட்கார்ந்திருந்த அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருஷம் கழித்து, நீ இல்லாத ஊரில், வேறொருத்தியிடம் சொன்னேன். மாத்திரையை நிறுத்த டாக்டர் வழி சொல்லிவிட்டார். இந்தத் தப்பின் பாரத்தை இறக்கிவைக்க வழியில்லை, இறக்கவும் வேண்டாம் என்றே இருக்கிறேன். நான் இருக்கிறவரை என்னோடு வரட்டும்.

இன்றைக்குக் காலையில் தரம் பிரிக்கிற இடத்துக்குப் போய் மாதம்மாளைக் கேட்டேன். இருமிக்கொண்டே அப்படியேதான் என்றாள். பிறகு என்னைக் கேட்டாள். நானும் அப்படியேதான் என்று உண்மையைச் சொன்னேன்.